வெட்டினால் குணமாகுமா என்று கேட்டாய்

மக்களே,

நான் உயிரோடு இருக்கிறேன். நலம் விசாரித்து, ஊர்ச் சேதி சொல்லி, அப்புறம் விஷயத்துக்கு வருவதுதான் கடிதம் எழுதும் முறை என்று பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான் நான். ஆனால் இந்தக் கவரைப் பிரிக்கவே என் மகன் பயப்படுவான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். ஆபரேஷன் ஆகி இன்று இருபத்திரண்டாம் நாள். தையல் பிரித்தாகிவிட்டது. நேற்று யாரையும் பிடிக்காமல் வார்டுத் தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். எழுதுவதும் நானேதான், எழுத்தைப் பார்த்தால் தெரியும். வரிகள் கொஞ்சம் கோணலாக இருப்பது சாய்ந்துகொண்டு எழுதுவதால்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பாருக்குட்டி டீச்சர் உனக்குப் போட்ட கார்டில் 'ஆபரேஷன் கழிந்தது, அம்மைக்கு ஆபத்தில்லை' என்று இரண்டே வரிதான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு நானும் எழுதவில்லை, நீயும் வரவில்லை. மீனாட்சி எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. 'அத்தை, ஆபீசிலிருந்து வந்தால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிடக் கூப்பிட்டால், அம்மையை விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்கிறார்கள். எஸ்டேட்டிலிருந்து கீழே விதுராவுக்குப் போகும் லாரியில் இரண்டு தடவை ஏறப் போய், ஏறாமல் திரும்பி வந்துவிட்டார்கள்' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்றே இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று நினைத்தேன். பேனா பிடிக்கிற தெம்பு இப்போதுதான் வந்தது.

அன்றைக்கு டாக்டரம்மாவின் அறையில் நீ பேசியது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை. நீ கேட்டது நியாயமான கேள்வி. "வெட்டினா குணமாகுமா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க" என்றாய். டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "பூர்ணமா குணமாகும்னு நான் சொல்ல மாட்டேன். கர்ப்பப்பைக்குள்ள தொடங்கின புற்று அங்கேயே நிக்கல, வெளியிலயும் வந்திருக்கு. எவ்வளவு தூரம்னு வயிற்றைத் திறந்தாத்தான் தெரியும்" என்றார். நீ எழுந்துவிட்டாய். "குணமாகாதுன்னு நீங்களே சொல்லுதீங்க. பின்ன என்னத்துக்கு வெட்டணும்? அம்மைக்கு அம்பத்தெட்டு வயசாச்சு. இருக்கப்பட்ட நாளை நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும். நான் எஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். போனக்காட்டுல நல்ல காத்து, நல்ல தண்ணி. விதுராவுல வைத்தியர் இருக்காரு." சம்மதத் தாளை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினாய். என் பக்கம் திரும்பி, "அம்மா, ஒன்னக் கொல்லதுக்கு நான் ஒப்புப் போட மாட்டேன்" என்றாய். உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சிறு வயதிலும் அழுகையை அடக்கும்போது உனக்கு அப்படித்தான் ஆகும்.

அந்த அறையில் நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் பேசினீர்கள், என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் நீ போய்விட்டாய். அதை நினைத்து நீ இப்போது சாப்பிடாமல் இருப்பதற்கு முன்னால், உன் அம்மா செய்த இரண்டு காரியங்களை உனக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் நீ அறியாதவை. ஒன்று இந்த நோயை நான் மறைத்தது. மற்றது உன் அத்தை சமாசாரம்.

எனக்குத் தீட்டு நின்று ஏழு வருஷம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஓணத்துக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்த நாட்களில், துணியில் ஒரு கறை பார்த்தேன். மகனிடம் இதை எழுதக் கூச்சம் வரத்தான் செய்கிறது. ஆனால் இந்தக் கூச்சம்தான் என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொண்டுவந்தது, அதனால் அதை இனிமேல் மதிப்பதாக இல்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, கிழவிக்குக் குமரிப் பருவம் திரும்புகிறதா என்று. அடுத்த மாதமும் பட்டது. அதற்கடுத்து வாரத்துக்கு ஒரு தரம். பழைய வழக்கப்படி பூஜை அறைக்குள் போகாமல் இருந்தேன். நீங்கள் எஸ்டேட்டிலிருந்து வரும்போதெல்லாம், முட்டு வலிக்கிறது, உட்கார்ந்து எழ முடியவில்லை என்று உங்களிடம் சொல்லிக்கொண்டேன். உன் அப்பா போன பிறகு கட்டிய வெள்ளைச் சேலைதான் பெரிய சங்கடமாகப் போயிற்று. வெள்ளையில் எதை மறைப்பது? காவி கட்டினால் மனசுக்கு நன்றாக இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னேன். நீ சாலைக் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு காவிச் சேலை வாங்கி வந்தாய். அம்மைக்குத் துறவு மனசு வந்துவிட்டது, காசிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று மீனாட்சியிடம் சொன்னாயாம். அவள் அதைப் பெருமையாக என்னிடம் வந்து சொன்னபோது, நான் அடுக்களைக்குப் போய் அடுப்பு ஊதுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதினான்கு மாதம் அப்படி ஓடிற்று. கடைசி எட்டு மாதம் ரத்தத்தோடு நீராகவும் பட்டது. அதில் ஒரு வாடை வந்தது. அந்த வாடை எனக்குப் புதிது இல்லை, அதைப் பிறகு சொல்லுகிறேன். தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது வள்ளி ஓடி வந்து என் மடியில் ஏறப் பார்த்தாள். நான் அவள் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினேன். 'பாட்டி தள்ளிட்டா' என்று அவள் அழுதாள். நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். வயதானால் சில பேருக்குக் குழந்தைகள் மேல் எரிச்சல் வரும் என்று நினைத்திருப்பாய்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் மத்தியானம் பலகை முன்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்துவிட்டேன். எழுந்து உட்கார்ந்தபோது பாருக்குட்டி டீச்சர் என் பின்னால் நின்று தன் மேல்முண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எதையும் பார்க்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் என்னை ஒரு வண்டியில் ஏற்றினாள். நேரே வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். வண்டி பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. "டீச்சர், எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "ஒண்ணுமில்லெங்கில் அது டாக்டர் பறயட்டெ" என்றாள், அதை டாக்டரே சொல்லட்டும் என்று. டாக்டரம்மா பரிசோதித்து, உள்ளிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வந்த பிறகுதான் உனக்குத் தந்தி அடித்தோம். முதல் கறையைப் பார்த்த மாதமே நான் வந்திருந்தால் காரியம் வேறாக இருந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். திட்டவில்லை. நான் கேட்டதால் சொன்னார்.

இப்போது உன் அத்தைக்கு வருகிறேன்.

உன் அப்பாவுடைய அக்காள், நான் மைனி என்று கூப்பிடுகிறவள், சிறு வயதில் தாலி அறுத்து நம் வீட்டோடு வந்து இருந்தாள். உன்னை வளர்த்தது நான் இல்லை, அவள்தான். உனக்கு எட்டு வயது நடக்கும்போது பின்கட்டில் ஒரு அறையில் அவள் படுத்துவிட்டாள். அந்த அறையில் எந்நேரமும் சாம்பிராணி புகைந்துகொண்டே இருக்கும், நினைவிருக்கிறதா? அத்தைக்கு அம்மை போட்டிருக்கிறது, உள்ளே போகக் கூடாது என்று உன்னிடம் சொன்னோம். பதினோரு மாதம் யாருக்காவது அம்மை இருக்குமா? உன் வயசுக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் நீ இரண்டு மாம்பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அத்தைக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் உன்னைக் குளிக்க அனுப்பினேன். அவள் செத்த பிறகும் நீ அதைக் கேட்டாய். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

அவளுக்கு இருந்தது இதே நோய்தான். அவள் என்னைப் போல் மறைக்கவில்லை, மக்களே. பட்ட உடனே என்னிடம் சொன்னாள். தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். உன் அப்பா வில்வண்டி பிடித்து எங்களைக் கூட்டிப்போனார். டாக்டர் பார்த்துவிட்டு, கட்டி இன்னும் கர்ப்பப்பைக்குள்ளேதான் இருக்கிறது, இப்போதே எடுத்துவிடலாம், தாமதித்தால் கையை மீறும் என்று ஒரு உபதேசியார் மூலம் தமிழில் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, "அறுவது வயசை எட்டப் போகிற பொம்பளை வயித்தைக் கீறவா? மேசையிலேயே போயிட்டான்னா ஊரு என்ன சொல்லும்? வேண்டாம்" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் மைனி கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, எனக்குச் செய்யணும்னு இருக்கு. நான் சொன்னா அவன் கேக்க மாட்டான், நீ சொன்னாக் கேப்பான். ஒரு வார்த்தை சொல்லுட்டி" என்றாள்.

நான் சொல்லவில்லை. அவள்மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. நான் பேசி, அவர் இசைந்து, அவள் மேசையில் போய்விட்டால் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். உன் அப்பா சாகும் மட்டும் அதைச் சொல்லிக்காட்டுவார் என்று பயந்தேன். அதனால், "சொல்லிப் பார்க்கேன் மைனி" என்று சொல்லிவிட்டுச் சொல்லாமலே இருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவள் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த அறை, அந்தப் பதினோரு மாதம். அவள் துணிகளை நான்தான் துவைத்தேன். சாம்பிராணி போட்டதும் நான்தான். உன்னை உள்ளே விடக் கூடாது என்று சொன்னது மட்டும் நான் இல்லை, அவள். "பிள்ளை என்னைய இந்த நாத்தத்தோட நெனச்சுக்கிடாண்டாம்" என்றாள். வெளியில் நீ விளையாடுகிற சத்தம் கேட்டால் தலையணையை வாயில் வைத்துக்கொள்வாள், அவள் முனகுகிறது உன் காதில் விழக் கூடாது என்று. உன்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததே கிடையாது. நீ வைத்துவிட்டுப் போன மாம்பழத்தை மார்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். இதை உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். முப்பது வயதுக்கு மேல் ஆன மகனிடம் சொல்வது தாமதம்தான், இருந்தாலும் கேட்டுக்கொள்.

இதெல்லாம் தெரிந்தவள் எதற்குப் பதினான்கு மாதம் மறைத்தாய் என்று நீ கேட்கலாம். தெரிந்ததால்தான் மறைத்தேன். அந்த அறை எனக்கும் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தால் வரட்டும், அதுதான் எனக்குச் சரியான தண்டனை என்றுகூட ஒரு பக்கம் நினைத்தேன். இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று இப்போது புரிகிறது. நான் கஷ்டப்பட்டால் மைனிக்கு என்ன கிடைக்கும்?

நீ பஸ் ஏறின அன்று காலையில் டாக்டரம்மா வார்டுக்கு வந்தபோது அவரை என் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். "என் மகன் கேட்டதையே நானும் கேக்கேன். குணமாகாதுன்னா எதுக்கு எடுக்கணும்?" என்றேன். அவர் அவசரப்படவில்லை. குணமாக்க மட்டும்தான் கத்தி என்று எல்லாரும் நினைக்கிறார்கள் என்றார். இப்போது ரத்தம் படுவது அந்தக் கட்டியால், வாடை அந்தக் கட்டியால், இடுப்பை அமுக்கி வலி தருவதும் அதுதான். அதை எடுத்தால் இந்த மூன்றும் நிற்க வழி உண்டு. இரண்டாவது, பட்டணத்தில் ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்கிறார்கள். ஆனால் இத்தனை பெரிய கட்டியை ரேடியத்தால் மட்டும் சமாளிக்க முடியாது. பெரும்பகுதியைக் கத்தி எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பதோடு ரேடியம் சண்டை போடும். "எத்தனை நாள் கிடைக்கும்?" என்றேன். "அது எனக்குத் தெரியாது அம்மே. சில பேருக்கு மாசம், சில பேருக்கு வருஷம். ஆனா கிடைக்கிற நாள் நாளா இருக்கும்" என்றார். மேசையிலேயே போய்விடலாம் என்பதையும் மறைக்கவில்லை. வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய வழியில்லை என்று அப்படியே மூட வேண்டியும் வரலாம் என்றார்.

"எடுக்காமல் விட்டால்?" என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதுதான் நான் பார்த்ததாயிற்றே. "எடுங்க" என்றேன். யோசிக்க எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

அப்புறம் ஒப்புச் சமாசாரம். தாளோடு வந்த கிளார்க், புருஷனோ மகனோ சகோதரனோ ஒப்பிட வேண்டும் என்றார். புருஷன் இல்லை, சகோதரன் இல்லை, மகன் மாட்டேன் என்றான் என்றேன். அப்படியானால் முடியாது என்றார் அவர். பாவம், அவருக்கு அவர் சட்டம். நான் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "நான் ஏழாம் கிளாஸ் பரீட்சை பாஸானவள். சர்க்கார் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் இருபது வருஷம் ஒப்புப் போட்டிருக்கேன். அதெல்லாம் செல்லும், என் வயித்துக்கு நான் போடுறது மட்டும் செல்லாதா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா அடுத்த கட்டில்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "வயறு ஆருடெயா? ஒப்பும் அவருடெ மதி" என்றார், வயிறு யாருடையதோ ஒப்பும் அவருடையதே போதும் என்று. பாருக்குட்டி டீச்சர் தன் பேனாவைத் திறந்து என் கையில் தந்தாள். என் முழுப் பெயரையும் எழுதினேன். எழுத்து திருத்தமாக விழுந்தது.

ஆபரேஷன் அன்று டீச்சர் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். என்னை மயக்கித் தூங்கவைக்கவில்லை. முதுகெலும்பில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தார்கள். என் மார்புக்கு மேல் ஒரு துணித் திரை. அந்தப் பக்கம் நடப்பது தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். வலி இல்லை. வயிற்றுக்குள் யாரோ பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். டாக்டரம்மா உதவிக்கு நின்ற பெண்ணிடம் இங்கிலீஷில் ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. "மூடிடாதீங்க" என்றேன், நாக்கு வறண்டு குழறியது. "கைக்கு எட்டினதை எடுங்க. என்னைப் பார்த்துப் பாவப்பட்டு மூடிடாதீங்க." திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இல்லம்மே, எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பேசாம இருங்க" என்று பதில் வந்தது. அந்தக் குரலில் ஒரு எரிச்சல் இருந்தது. வேலையில் இருக்கிறவளின் எரிச்சல். அது எனக்கு எத்தனை தைரியம் கொடுத்தது தெரியுமா!

அதற்கப்புறம் ஒரு வாரம் சுகமாக இருந்தது என்று எழுத மாட்டேன். தாகம், வாந்தி. ஒவ்வொரு இருமலுக்கும் தையல் பிய்ந்துபோகும் என்று தோன்றும். ஆறாம் நாள் புண்ணின் அடிப்பக்கம் சீழ் கோத்துக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் நான் யாரிடம் என்ன பேசினேன் என்றே தெரியாது. உன்னைக் கூப்பிட்டேனாம். தந்தி அடிக்கட்டுமா என்று டீச்சர் டாக்டரம்மாவைக் கேட்டாளாம். பத்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று டாக்டரம்மா வந்து உட்கார்ந்து எல்லாம் சொன்னார். கர்ப்பப்பையையும் இரண்டு பக்கத்து முட்டைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒரு முட்டைப்பையிலும் புற்று இருந்தது. குடலுக்கு முன்னால் திரை மாதிரித் தொங்குகிற கொழுப்பில் சிறு சிறு பருக்களாக இருந்ததையும் வெட்டி எடுத்தார்கள். இடது பக்கம், இடுப்பெலும்பை ஒட்டி, ஒரு நெல்லிக்காய் அளவு மிச்சம் இருக்கிறது. பெரிய ரத்தக் குழாய் ஒன்றை அது கட்டிப் பிடித்திருக்கிறதாம். அதில் கை வைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த மௌனம் அங்கேதான் வந்தது.

ஆக, நீ கேட்ட கேள்விக்குப் பதில்: குணமாகவில்லை. நெல்லிக்காய் உள்ளே இருக்கிறது. ஆனால் மக்களே, ரத்தம் நின்றுவிட்டது. வாடை இல்லை. இடுப்பில் எந்நேரமும் இருந்த அந்தப் பாரம் போய்விட்டது, புண் வலி மட்டும்தான், அதுவும் குறைந்துவருகிறது. நான்கு நாளைக்கு முன்னால் பக்கத்துக் கட்டில் பெண், பிரசவத்துக்கு வந்தவள், குளிக்கப் போகிறேன், கொஞ்சம் பார்த்துக்கோங்க என்று தன் பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். பழக்கத்தில் என் கை பின்னால் போயிற்று. அப்புறம்தான், ஏன் வாங்கக் கூடாது என்று தோன்றிற்று. வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் வர நேரமாயிற்று. பிள்ளை தூங்கிவிட்டது. நான் அழுதேன், வேறு வழியில்லை. எட்டு மாதமாக நான் ஒருவரையும் என் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. வள்ளியிடம் சொல்லு, பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதனால்தான் தள்ளினாள், அவள்மேல் கோபம் இல்லை என்று. அவளிடம் இதை மறைக்காதே. குழந்தைகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

நீ ஒப்புப் போடாமல் போனது பயத்தால் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் வெளியிலிருந்து பார்க்கவில்லை, உள்ளேயிருந்து அறிந்தவள். நான் மேசையில் போயிருந்தால் நீ போட்ட ஒப்பு உன்னைத் தின்னும் என்று பயந்தாய். ஒப்புப் போடாமல், நான் அந்தப் பின்கட்டு அறை மாதிரி ஒன்றில் கிடந்து செத்திருந்தால் அதுவும் உன்னைத் தின்றிருக்கும், மெதுவாக, இருபத்தைந்து வருஷம் என்னைத் தின்றது மாதிரி. ஒரு காரியத்தைச் செய்தால்தான் பழி வரும், செய்யாமல் இருந்தால் வராது என்று நம் வீட்டில் ஒரு கணிப்பு இருந்தது. அது பொய். அதை நீ தூக்கிக்கொண்டு திரியாதே. உன்னை நான் மன்னிக்க ஒன்றும் இல்லை. சாப்பிடு. மீனாட்சியிடம் பேசு.

இன்னொன்று. நீ வேலை பார்க்கும் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களில் தீட்டு நின்ற பிறகு யாருக்காவது திரும்ப ரத்தம் பட்டால் அவள் யாரிடம் சொல்லுவாள்? கங்காணியிடமா, உன்னிடமா? சொல்ல மாட்டாள். மீனாட்சி லயன் வீடுகளுக்குப் போய் அந்தப் பெண்களிடம் பேசட்டும். முதல் கறையிலேயே சொல்லச் சொல்லட்டும். சொல்லுகிறவளைத் தேயிலை லாரியில் ஏற்றி இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. துரையிடம் பேச வேண்டியது உன் பொறுப்பு. நீ இங்கிலீஷில் நன்றாக எழுதுவாய், எழுதிக் கொடு. மீனாட்சிக்கும் வயது ஏறத்தான் போகிறது. அவளுக்கு ஏதாவது என்றால் உன்னிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவளுக்கும் படிக்கக் கொடு.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பட்டணம் போகிறேன். தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து ரயில் வண்டி. ரேடியம் சிகிச்சைக்கு அங்கே இடம் கேட்டு டாக்டரம்மா எழுதியிருந்தார், வரச் சொல்லிப் பதில் வந்துவிட்டது. எத்தனை வாரம் ஆகும், அதில் எவ்வளவு நோவு என்று எனக்குத் தெரியாது. அந்த நெல்லிக்காயைச் சும்மா விடுவதாக இல்லை. துணைக்குப் பாருக்குட்டி டீச்சர் லீவு போட்டுக்கொண்டு வருகிறாள். ஆகவே எனக்கு ஆள் இல்லை என்பதற்காக நீ வர வேண்டாம். என்னைத் தடுக்கவும் வர வேண்டாம், நான் பின்வாங்கப் போவதில்லை. அம்மாகூடப் பட்டணம் போக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் மட்டும் வா. வரும்போது வீட்டிலிருந்து ஒரு தலையணை எடுத்துக்கொண்டு வா, மெத்தென்று இருக்கிறதாகப் பார்த்து. ரயில் பலகையில் அவ்வளவு நேரம் உட்கார என்னால் ஆகாது.

உன் அம்மா